அபர்டீன் முதல் ஷெட்லாந்து வரை: காற்று அறையும் தோட்டத்துக்கு எந்தப் பூப்புதர்?

ஸ்காட்லாந்தின் வடக்கே வீடு வாங்கியவர்கள் செடி வாங்கப் போனால் முதலில் தேடுவது அட்டையில் அச்சிட்டிருக்கும் குளிர் எண்ணை. ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி வகுத்த அளவு அது. எச்4 என்றால் மைனஸ் 10 டிகிரி வரை, எச்5 மைனஸ் 15 வரை, எச்7 என்றால் மைனஸ் 20க்கும் கீழே தாங்கும். எண் பெரிதாக இருந்தால் செடி பிழைத்துவிடும் என்று நம்பி எச்7 செடிகளாகப் பொறுக்கி நட்டுவிட்டு, அடுத்த ஏப்ரலில் பாதி கருகி நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைப்பவர்கள் நிறைய. அந்த எண் குளிரை மட்டும்தான் அளக்கிறது. காற்றைப் பற்றியோ, காற்று தூக்கி வரும் உப்பைப் பற்றியோ அதில் ஒரு குறிப்பும் இல்லை.

ஷெட்லாந்துத் தீவுகளின் முக்கிய நகரமான லெர்விக் 60 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஆனாலும் சுற்றிலும் கடல் இருப்பதால் அங்கே ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மேலேதான். அதற்கு எவ்வளவோ தெற்கே, அபர்டீனிலிருந்து 90 கிலோமீட்டர் போலத் தள்ளி மலைக்குள் இருக்கும் பிரேமாரிலோ 1895லும் 1982லும் மைனஸ் 27.2 டிகிரி பதிவானது. 2021 பிப்ரவரியில்கூட மைனஸ் 23 வரை இறங்கியது. ஆகவே ‘வடக்கத்தித் தோட்டம்’ என்று ஒரே வகை கிடையாது. கடலோரத்தில் காற்றும் உப்பும் கொல்லும், உள்நாட்டில் உறைபனி கொல்லும். உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

காற்று. இங்கே பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று. தெற்கிலிருந்து வருகிறதே, தென்றல் போல இருக்குமோ என்று எண்ண வேண்டாம். கிளையை முறிப்பது அதுதான். ஆனால் துளிரைக் கருக்குவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும் வறண்ட வாடை. மண் உறைந்திருக்கும்போது வேரால் நீர் உறிஞ்ச முடியாது. காற்றோ இலையிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பசுமைமாறாச் செடிகள் பழுப்பாவது பல நேரம் குளிரால் அல்ல, இந்தத் தாகத்தால். தடித்த, மெழுகு பூசிய, அல்லது அடியில் பஞ்சுபோல் ரோமம் படர்ந்த இலை உள்ள செடி தாங்கும். அகன்ற மெல்லிய இலை கிழிந்துவிடும்.

உப்பு. கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் இதுதான் முதல் வடிகட்டி.

குளிர். கடலோரத்தில் எச்4 போதும். பள்ளத்தாக்கில் எச்6க்குக் குறைந்ததைப் பார்க்கவே வேண்டாம்.

குளிர்காலத்தில் மறைப்பு. புயல்கள் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வருபவை. அந்த மாதங்களில் இலையில்லாமல் நிற்கும் செடி காற்றை எவ்வளவு தடுக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பூக்கும் காலம். ஜூன் கடைசியில் அபர்டீனில் பகல் கிட்டத்தட்ட 18 மணி நேரம். டிசம்பரில் ஆறரை. பூக்க நேரம் பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரைதான். அதில் மூன்று வாரம் மட்டும் பூப்பதா, நான்கு மாதம் பூப்பதா என்பது பெரிய வித்தியாசம்.

மண். ஆர்க்னித் தீவுகளின் சில கடற்கரைகளில் சிப்பித்தூள் மணல், சுண்ணாம்பு மிகுந்தது. சில மைல் தள்ளினால் மட்கிய தாவரங்களால் ஆன அமிலப் பீட் மண். கார அமிலச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி இரண்டு மூன்று இடங்களில் பார்த்துவிடுங்கள். செடி செத்தபின் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

## ருகோசா ரோஜா

ஜப்பான், கொரியா, ரஷ்யத் தூரகிழக்கின் கடல் மணலில் தானாக வளர்வது. எச்7. சுருக்கம் விழுந்த தடித்த இலையில் உப்பு பட்டாலும் அசராது. ஜூனில் தொடங்கி செப்டம்பர் தாண்டியும் விட்டுவிட்டுப் பூக்கும், வாசமும் உண்டு. பூ முடிந்ததும் சிறு தக்காளி அளவுக்குச் சிவப்புக் காய். வெறும்வேர்க் கன்றாக (தொட்டியும் மண்ணும் இல்லாமல்) நவம்பர் முதல் மார்ச் வரை கிடைக்கும். விலை தொட்டிச் செடியில் ஒரு சிறு பங்குதான்.

மறைந்திருக்கும் செலவு மண்ணுக்கடியில். வேரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பி, நட்ட வரிசையை விட்டு வெளியே ஓடும். மணல் மண்ணில் புல்தரைக்குள்ளும் நடைபாதைக் கல் இடுக்கிலும் தலைகாட்டும். சிறிய தோட்டமென்றால் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வேர்த்தடுப்புத் தகடு இறக்கியாக வேண்டும். கடற்கரை மணல்மேடுகளில் இது படர்ந்து உள்ளூர்ச் செடிகளை மூடிவிடுவதால் பெரும் தொல்லை. 2012 முதல் ஸ்காட்லாந்தில் அயல்செடி எதையும் காட்டுவெளியில் நடுவது குற்றம். தோட்டத்தில் வளர்க்கத் தடையில்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் மணல்மேடு இருந்தால் இதை நட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வெட்டிய வேர்த்துண்டைக் கடற்கரையில் வீசுவதும் கூடாது.

சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச்சத்து ஊற்றி ஒரு வருடம் சமாளிக்கலாம், காலம் முழுக்க முடியாது.

வாங்கும்போது ஒரு விஷயம். ‘ரோஸ்ரே டி லே’, ‘பிளாங்க் டபுள் டி கூபேர்’ போன்ற அடுக்குப் பூ ரகங்கள் பெரும்பாலும் வேறொரு ரோஜா வேரில் ஒட்டுக்கட்டியவை. காற்று ஆட்டும்போது பலவீனமான இடம் அந்த ஒட்டுதான். நடும்போது ஒட்டு 5 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகட்டும். வெள்ளை அடுக்குப் பூ மழையில் பழுப்புக் காகிதமாகித் தொங்கும். காய்க்காக வளர்ப்பதென்றால் ஒற்றை அடுக்கு ‘ரூப்ரா’ அல்லது ‘ஆல்பா’ எடுங்கள். அடுக்குப் பூ ரகங்கள் அரிதாகவே காய்க்கும்.

## பர்னெட் ரோஜா

இந்த மண்ணுக்கே உரியது. மணல்மேட்டுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் ருகோசாவுக்கு மாற்று இதுதான். சிப்பி மணலிலும் மஞ்சளாகாது. ஒரு மீட்டருக்கு மேல் அதிகம் போகாது, உடலெங்கும் ஊசிமுள். 1793ல் பெர்த் நகர நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் கின்னூல் குன்றிலிருந்து காட்டுச்செடிகளைக் கொண்டுவந்து விதைபோட்டதில் அடுக்குப் பூ ரகங்கள் பல பிறந்தன. அவற்றில் சில இன்றும் விற்பனைக்குண்டு.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. மே கடைசியில் தொடங்கி ஜூனில் பூ முடிந்துவிடும். பிறகு கருநிறக் காயும் இலையும் மட்டுமே. பக்கக்கன்று தொல்லை இதற்கும் உண்டு.

## ஃபியூஷியா ‘ரிக்கார்டோனி’

சிலி, அர்ஜென்டினாவின் தென்கோடியைச் சேர்ந்த இனம். இந்த ரகம் எடின்பரோ அருகே ரிக்கார்டனில் உருவானது. ஜூலை முதல் அக்டோபர் வரை சிவப்பும் ஊதாவுமாக ஜிமிக்கி போலத் தொங்கும் பூ. ஆர்க்னி, ஷெட்லாந்தில் இரண்டு மீட்டர் உயர வேலியாகவே நிற்கும். தண்டு வளைந்து கொடுக்கும், பூ தலைகீழாகத் தொங்குவதால் மழையும் கெடுக்காது.

உள்நாட்டில் இதே செடி வேறு மாதிரி நடந்துகொள்ளும். கடும் பனியில் தரைக்கு மேலுள்ளது எல்லாம் செத்து, மே மாதம் அடியிலிருந்து புதிதாகத் துளிர்த்து, செப்டம்பருக்குள் ஒரு மீட்டர் எட்டும். பூ வரும், வேலி வராது. வருடாவருடம் தரையிலிருந்து தொடங்கும் செடியை நம்பிக் காற்றுத்தடுப்பு திட்டமிட முடியாது.

அடிக்கடி நடக்கும் தவறு இலையுதிர்காலத்தில் வெட்டிச் சுத்தம் செய்வது. காய்ந்த தண்டுகள்தான் அடிக்கட்டைக்குப் போர்வை. ஏப்ரல் கடைசியில் துளிர் எங்கே வருகிறது என்று பார்த்து அதற்கு மேலே வெட்ட வேண்டும். நடும்போது தொட்டியில் இருந்த மட்டத்தைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழமாக நடுங்கள்.

செலவு மிகக் குறைவு. இலையுதிர்காலத்தில் 20–25 சென்டிமீட்டர் நீளக் குச்சிகளை வெட்டி மூன்றில் இரண்டு பங்கை மண்ணில் செருகினால் பெரும்பாலானவை வேர்பிடிக்கும். இரண்டு செடி வாங்கி முழு வேலி செய்துவிடலாம். துளிர் வீங்கிச் சிவந்து கோணலாக வந்தால் அது ஃபியூஷியா சிலந்திப்பேன். இங்கிலாந்தின் தெற்கில் 2007ல் தென்பட்டது. மருந்தடித்துத் தீராது. ஆகவே தெற்கிலிருந்து வரும் இனாம் குச்சிகளை வாங்க யோசியுங்கள்.

## எஸ்கலோனியா

பசுமைமாறாப் பூவேலி என்றால் கடலோரத்தில் முதலில் சொல்லப்படும் பெயர். பளபளப்பான, லேசாகப் பிசுபிசுக்கும் இலை. ஜூன் முதல் இலையுதிர்காலம் வரை இளஞ்சிவப்புப் பூ. உப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் மைனஸ் 10க்குக் கீழே ஒரு வாரம் போனால் இலை மொத்தமும் உதிரும், தண்டும் சாகும். 2010 டிசம்பரின் நீண்ட உறைபனி போன்ற ஒன்று பத்து வருட வேலியை ஒரே மாதத்தில் விறகாக்கிவிடும்.

பெரிய இலை ‘மக்ராந்தா’ கடலை ஒட்டிய வீட்டுக்கு. சற்றுத் தள்ளி இருந்தால் ‘லாங்லேயன்சிஸ்’, எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பிறந்த ‘எடினென்சிஸ்’ போன்ற சிற்றிலை ரகங்கள் மேல். கடுங்குளிரில் இலை கொஞ்சம் கொட்டினாலும் தண்டு பிழைத்துக்கொள்ளும். ஈரமான கோடையில் இலைப்புள்ளி நோய் வரும். புள்ளியைச் சுற்றி மஞ்சளாகி இலை கொட்டினால் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளுங்கள், நெருக்கமாகக் கத்தரிப்பதை ஒரு பருவம் நிறுத்துங்கள். சதுரமாக இருக்க வேண்டுமென்று வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பவர்களுக்கு வேலி கிடைக்கும், பூ கிடைக்காது.

## ஒலியேரியா

நியூசிலாந்துச் செடி. ‘மக்ரோடொன்டா’ இனம் மூன்று மீட்டரைத் தாண்டும். இலை ஹாலி போலப் பல்லுடன், அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு. அந்தப் பஞ்சுதான் காற்றுக்கு எதிரான கவசம். ஜூன், ஜூலையில் வெள்ளை டெய்சிப் பூக்கள் கொத்துக்கொத்தாக இலையையே மறைக்கும். பூக்காலம் குறுகியது என்றாலும், கடலோரத்தில் காற்றைத் தடுக்கும் வேலையை மட்டும் பார்த்தால் இந்தப் பட்டியலில் இதற்கு ஈடில்லை.

பூ போன வருடத் தண்டில் வரும். ஏப்ரலில் வெட்டினால் அந்த வருடப் பூ போச்சு. ஆகவே பூத்து முடிந்ததும் வெட்டுங்கள். கிழடாகிப்போனதை ஏப்ரலில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் தழைத்துவிடும். வேரில் நீர் தேங்கினால் மட்டும் பிழைக்காது.

உயரத்துக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. ஸ்காட்லாந்தின் உயர்வேலிச் சட்டம் 2013ல் நிறைவேறியது. இரண்டு மீட்டரைத் தாண்டி வெளிச்சத்தை மறைக்கும் வேலி பற்றிப் பக்கத்து வீட்டார் கவுன்சிலில் முறையிடலாம். இங்கிலாந்தில் பசுமைமாறா வேலிக்குத்தான் அந்த விதி, ஸ்காட்லாந்தில் இலையுதிர்க்கும் வேலிக்கும் பொருந்தும். சிறு மனையில் ‘ஹாஸ்டி’ ரகத்தைப் பாருங்கள். இரண்டு மீட்டருக்குள் நிற்கும், ஜூலை, ஆகஸ்டில் பூக்கும், குளிரையும் இன்னும் ஒரு படி கூடவே தாங்கும்.

## ஹீபி

‘புளூ ஜெம்’ என்ற ஹீபி ஷெட்லாந்துக் கடலோர வீடுகளில் வளர்கிறது. குளிர் எண் எச்4க்கு மேல் போகாது. எச்7 எண் கொண்ட பொட்டென்டில்லா என்ற பூப்புதர் அதே இடத்தில் உப்பில் கருகி நோஞ்சானாக நிற்கும். இரண்டையும் பிரேமாருக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழ். அட்டையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இந்த ஜோடி போதும்.

கோடை நடுவிலிருந்து நவம்பர் வரை ஊதாப் பூ, வருடம் முழுதும் பச்சை, உயரம் 1 முதல் 1.3 மீட்டர். எந்த ஹீபி எவ்வளவு தாங்கும் என்று தெரியாவிட்டால் இலையைப் பாருங்கள். இலை சிறுக்கச் சிறுக்கக் குளிர் தாங்கும் திறன் கூடும். ஆயுள் குறைவு. எட்டுப் பத்து வருடத்தில் அடி மொட்டையாகிக் கால் தெரியும். பழைய மொட்டைத் தண்டில் வெட்டினால் திரும்பத் துளிர்ப்பது அபூர்வம். ஆகஸ்டில் 10 சென்டிமீட்டர் நுனிக் குச்சிகள் நான்கைந்து எடுத்து வைத்துக்கொண்டால் மாற்றுச்செடி எப்போதும் கையிலிருக்கும்.

## ஒரே பார்வையில்

| செடி | உப்பு | குளிர் | குளிர்கால மறைப்பு | பூ | 10 மீட்டருக்குக் கன்றுகள் (இடைவெளி) |
|---|---|---|---|---|---|
| ருகோசா ரோஜா | மிக நன்று | மிக நன்று | பாதி (முட்தண்டு மட்டும்) | ஜூன்–செப்டம்பர் | 23 (45 செ.மீ.) |
| பர்னெட் ரோஜா | மிக நன்று | மிக நன்று | குறைவு, உயரமில்லை | மே–ஜூன் | 26 (40 செ.மீ.) |
| ஃபியூஷியா | நன்று | உள்நாட்டில் தரையோடு சாகும் | குறைவு | ஜூலை–அக்டோபர் | 17 (60 செ.மீ.) |
| எஸ்கலோனியா | மிக நன்று | சுமார் | நன்று | ஜூன்–செப்டம்பர் | 17 (60 செ.மீ.) |
| ஒலியேரியா மக்ரோடொன்டா | மிக நன்று | சுமார் | மிக நன்று | ஜூன்–ஜூலை | 13 (80 செ.மீ.) |
| ஹீபி ‘புளூ ஜெம்’ | மிக நன்று | குறைவு | நன்று, உயரமில்லை | ஜூலை–நவம்பர் | 17 (60 செ.மீ.) |

## யாருக்கு எது

கடல் தெரியும் வீடு. வெளி வரிசையில் ஒலியேரியா, உள்ளே ஃபியூஷியாவும் ஹீபியும். காற்றைத் தடுக்கும் வேலையையும் கண்ணுக்கு விருந்தளிக்கும் வேலையையும் ஒரே செடியிடம் கேட்பதால்தான் பலரும் தேர்வு செய்ய முடியாமல் திணறுகிறார்கள். முன்வரிசை அடி வாங்கட்டும், பின்வரிசை பூக்கட்டும். மூன்று மீட்டர் அகலம் ஒதுக்க முடிந்தால் இரண்டும் நடக்கும். ஒரு வரிசைக்குத்தான் இடமென்றால் எஸ்கலோனியா.

டீசைட், டான்சைட் (டீ, டான் ஆறுகளின்) பள்ளத்தாக்கு, அதற்கும் உள்ளே. ருகோசாதான் முதுகெலும்பு. அதற்கு உட்புறம் பொட்டென்டில்லா (ஜூன் முதல் அக்டோபர், வெயில் வேண்டும்), பூந்திராட்சை என்கிற ரைபீஸ் (ஏப்ரலில் இளஞ்சிவப்பு). எஸ்கலோனியா, ஹீபி வேண்டாம். 2021 நவம்பர் 26ல் வந்த ‘ஆர்வென்’ புயல் வடகிழக்கிலிருந்து அடித்தது. தென்மேற்குக் காற்றுக்குப் பழகி வேரூன்றிய மரங்கள் அபர்டீன்ஷயரில் கூட்டம்கூட்டமாகச் சாய்ந்தன. மறைப்பைத் தென்மேற்கில் மட்டும் போட்டால் போதாது.

அபர்டீன் புறநகரின் புதுக் குடியிருப்பு. மனை சிறிது, சுற்றிலும் 1.8 மீட்டர் முழுப்பலகை வேலி. இங்கே செடியைவிட வேலிதான் பிரச்சினை. காற்று பலகையைத் தாண்டி மேலே ஏறி, உள்பக்கம் சுழன்று விழும். வேலியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் செடிதான் அதிகம் அடிவாங்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் தடுப்பே நல்ல தடுப்பு. அதன் பலன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை இருக்கும். பலகைகளை ஒன்றுவிட்டு ஒன்று முன்பின்னாக மாற்றி அடித்தாலே பாதி வேலை முடிந்தது. அதன் பின் ஒலியேரியா ‘ஹாஸ்டி’, சிற்றிலை எஸ்கலோனியா இரண்டும் நிற்கும்.

காசை வீணாக்க வேண்டாத இரண்டு. செம்பருத்தி ஆசையில் ‘ஹைபிஸ்கஸ் சிரியாகஸ்’ வாங்குவோர் உண்டு. குளிரைத் தாங்கும், ஆனால் மொட்டு விரியப் போதுமான கோடை வெப்பம் இங்கே கிடையாது. கார்ஸ் என்கிற மஞ்சள் முட்புதர் எந்தக் காற்றிலும் நிற்கும்தான். காய்ந்தால் எண்ணெய் ஊற்றியதுபோல் பற்றும், வீட்டுச் சுவருக்கருகே வைக்கக் கூடாது. மல்லிகை வாசத்துக்கு ஏங்குவோர் உள்வரிசையில், நல்ல மறைப்பில், பிலடெல்பஸ் ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

## நடும்போது கவனிக்க வேண்டியவை

பெரிய செடி வாங்காதீர்கள். 40–60 சென்டிமீட்டர் கன்று, ஒன்றரை மீட்டர் தொட்டிச் செடியை மூன்று நான்கு வருடத்தில் முந்திவிடும். பெரிய செடியின் தலை பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கிறது, வேரோ தொட்டி அளவுக்குத்தான் இருக்கிறது. காற்று ஆட்ட ஆட்டத் தண்டைச் சுற்றி மண்ணில் கூம்புபோல ஒரு குழி விழும். அதில் நீர் நின்று உறைந்து பட்டையை அறுக்கும். ஒவ்வொரு புயலுக்கும் மறுநாள் வரிசையாக நடந்து, குழி தெரியும் இடமெல்லாம் குதிகாலால் மண்ணை மிதித்து இறுக்குங்கள். முட்டுக்கொம்பு வேண்டாம். ரோஜாக் கன்றை நட்டதும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் போதும். பசுமைமாறாச் செடிகளை ஏப்ரலில் நடுங்கள், இலையுதிர்காலத்தில் வேண்டாம்.

கன்றுகள் வேரூன்றும் வரை காற்றுத்தடுப்பு வலை கட்டுங்கள்: 50 சதவீதம் காற்று புகும் வலை, ஒரு மீட்டர் உயரம், இரண்டு மீட்டருக்கு ஒரு கம்பம், கம்பம் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள். வலையைக் கம்பத்தில் நேராக ஆணியடித்தால் முதல் புயலிலேயே ஆணித்தலையில் கிழியும். வலைக்கு மேலே ஒரு மரச்சட்டம் வைத்து அதன் வழியே திருகுங்கள். முயல் இருந்தால் 90 சென்டிமீட்டர் கம்பிவலையும், அதன் அடியில் 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளும்.

மூடாக்குக்கு மரப்பட்டைத் துகள் வாங்காதீர்கள், பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆர்க்னியில் வழிவழியாக வயலுக்குப் போட்டுவந்த கடற்பாசி நல்லது, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நகராது. கிடைக்காவிட்டால் கைப்பிடி அளவுக் கற்கள். தழைச்சத்து உரத்தைக் குறையுங்கள். கொழுத்த துளிர்தான் வாடையில் முதலில் கருகும். உப்புப் புயல் அடித்து மழை வராமல் போனால் அன்றே குழாய்த் தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள்.

வலையை மூன்றாம் வருடம் வரை எடுக்க வேண்டாம். எடுப்பதும் இலையுதிர்காலத்தில் அல்ல, மே மாதத்தில். முதலில் தென்மேற்குப் பக்கம், வடகிழக்குப் பக்கத்து வலை இன்னொரு குளிர்காலம் நிற்கட்டும்.